எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

"எப்போது?" என்று கேட்டான் ஆர்ச்சில்,
விற்க வந்தவன்.
எதற்கு என்று அவன் கேட்கவில்லை,
நானும் கேட்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே திபிலிசியில்
பாதி பனி, பாதி மழை.

எங்களுடையது சின்ன நிறுவனம்.
வார்க்கெத்திலிப் பக்கத்து அடுக்குமாடிகளில்
முந்நூற்றுப் பன்னிரண்டு லிஃப்ட்.
பாதிக்கு மேல் என்னைவிட மூத்தவை.
உள்ளே ஒரு சில்லறைப் பெட்டி:
காசு போட்டால் ஏறும்,
சில சமயம் போட்டபின் யோசிக்கும்.
பதினொரு மெக்கானிக்குகள்,
இரண்டு வேன், அதில் ஒன்றுக்கு ஹாரன் இல்லை.
தொலைபேசியில் சிசானா.

ஆர்ச்சில் திரையைத் திருப்பிக் காட்டினான்.
எந்தக் கயிறு எந்த வாரம் தேயும்,
எந்தக் கதவு எந்த மாதம் மாட்டும்,
இரவு மூன்று மணிக்கும்
கொட்டாவி விடாமல் பேசும் ஒரு குரல்.
"எதிர்க் கம்பெனி போன மாதமே வாங்கியாயிற்று, எத்தேரி.
மார்ச்சுக்குள் கையெழுத்து என்றால் தள்ளுபடி."

பந்திக்கு முந்த வேண்டும், படைக்குப் பிந்த வேண்டும்.
போட்டிருப்பது இலையா, உருவியிருப்பது வாளா
என்பதை மட்டும்
விற்பவர்கள் சொல்வதில்லை.

கயிறு அறுவதை முன்கூட்டிச் சொல்ல
கயிற்றின் கதை வேண்டும் அதற்கு.
எங்களிடம் இருந்தது
கோச்சாவின் நோட்டு.
"சரிசெய்தேன்."
அடுத்த வரி, "மறுபடி சரிசெய்தேன்."
அதற்கடுத்து ஒரு தக்காளிக் கறை.
ஆறு வருஷமாக இதே இரண்டு வாக்கியம்.
இதைத் தின்றுவிட்டு எந்த இயந்திரம்
என்ன ஜோசியம் சொல்லும்?

குரல் விஷயத்தில் நான் இன்னும் பிடிவாதம்.
சிசானா இருக்கும்போது எதற்கு என்றேன்.
மாட்டிக்கொண்டவர்களிடம் முகவரிக்கு முன்னால்
"தனியாகவா இருக்கிறீர்கள்?" என்று கேட்பவள்.
வலி எடுத்த ஒரு கர்ப்பிணியோடு
இருபது நிமிடம் எண்ணிக்கொண்டே இருந்தவள்,
ஒன்றிலிருந்து நூறு,
நூறிலிருந்து ஒன்று.
சொல்லும்போதே என் குரலில்
கொஞ்சம் முதலாளிப் பெருமை.

கதவோரம் நின்றிருந்தாள் சிசானா.
"வியாழக்கிழமை இரவைச் சொல்லுங்கள்" என்றாள்.

வியாழன் இரவு மின்சாரம் போய் வந்தது.
ஒரே சமயத்தில் பதினான்கு அழைப்பு.
ஒரு வாய், ஒரு காது.
எட்டாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் நடுவே
மருந்துப் பையோடு ஒரு பெண்
ஐம்பது நிமிடம் கேட்டதெல்லாம்
லைன் கிடைக்காத அந்த விட்டு விட்டு வரும் ஒலி.
எங்கள் பதிவில் அவள் இல்லை.
கிடைக்காத அழைப்பை யார் எழுதுகிறார்கள்?
மறுநாள் அவளே வந்து சொன்னாள்.
திட்டக்கூட இல்லை.

"என்னைப் புகழ்ந்தது போதும்" என்றாள் சிசானா.
"பதினான்கில் பதின்மூன்றை அது எடுக்கட்டும்.
மூச்சு முட்டுகிறது என்று யாராவது சொன்னால்
அந்த நொடியே என்னிடம் தள்ளட்டும்.
தேவையில்லாமல் தள்ளினால் பரவாயில்லை.
தள்ளாமல் விட்டால் யார் பதில் சொல்வது?
உங்கள் கம்பெனியா, நாங்களா?
எழுதிக் கொடுங்கள்.
எனக்கும் தூங்க வேண்டும்."

ஆர்ச்சில் திரையில் மேலும் கீழும் தேடினான்.
அந்தக் கேள்விக்கு அங்கே பக்கம் இல்லை.
திங்களன்று கேட்டுச் சொல்கிறேன் என்றான்.
வழியனுப்ப லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
"ஆறு மாடிதானே" என்று
படியிறங்கிப் போனான்.

எப்போது என்று எனக்கு இன்னும் தெரியாது.
தள்ளுபடி முடிகிற தேதி அல்ல,
அது மட்டும் தெரிகிறது.
கிடைக்காத அழைப்புக்கு ஒரு பதிவேடு போட்டிருக்கிறேன்.
கோச்சாவுக்குப் புது நோட்டு:
தேதி, கயிறு, கதவு, காரணம்.
நான்கு கட்டம்.

முதல் வாரம் முழுக்க
நான்காவது கட்டம் காலி.
நேற்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தான்,
பென்சிலில், அழித்து அழித்து:
"எலி."